மலையிறக்கத்தில் நியூட்ரல்

“…நியூட்ரல்ல போட்டுக்கினு எறங்குனா சார்ஜ் எப்டிண்ணா ஏறும்?” என்றாள் பக்கத்து சீட்டிலிருந்த செல்வி. கச்சிராயபாளையத்தில் பேட்டரி ஆட்டோ ஓட்டுகிறவள். வெள்ளிமலையில் என் எலக்ட்ரிக் காரில் ஏறிக்கொண்டாள்.

கச்சிராயபாளையத்தில் நாலு மணிக்கு அப்பாவின் உடலை எடுக்கிறார்கள். பேட்டரியில் நாலு சதவீதம். பெட்ரோல் கார் பழக்கத்தில், மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் உருட்டி வந்தேன். அழுகைகூட வரவில்லை.

“கியர்ல போடுங்க. ஏத்தத்துல மோட்டார் சக்கரத்த சுத்துது. எறக்கத்துல சக்கரம் மோட்டார சுத்தும், கரண்ட் திரும்பி பேட்டரிக்குப் போவும். கார் வாங்கினவருக்கு ஆட்டோக்காரி சொல்லணுமா?”

போட்டேன். பிரேக் மிதிக்காமலே வண்டி நிதானப்பட்டது. அடிவாரத்தில் ஏழு சதவீதம் இருந்தது.

தெரிந்த பழக்கத்தை நம்பி, அப்பா முகத்தைப் பார்க்காமலே போயிருப்பேன்.

எங்கள் வீட்டு வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது, இன்னும் எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். செல்வி இறங்கி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து, சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டாள்.