ஆத்தா எடுத்துக் கொடுத்த பக்கம்

செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட எனக்கு மூன்று நாள் கெடு கொடுத்திருந்தார்கள். போன மாசி மாதம் நடந்தது இது. நம் செல்லாண்டியம்மனைக் கும்பிடுகிற ஒவ்வொருவர் காதிலும் விழ வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், நம் ஊரில் தெரியாதவர் கிடையாது. அந்த வாயால் நான் பட்ட பாட்டையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சேலத்தில் ஒரு கல்லூரியில் தகவல் தொழில்நுட்பமும் சட்டமும் சேர்ந்த ஐந்து வருஷப் படிப்பு படிக்கிறேன். முடித்தால் இரண்டு பட்டம். காலையில் கம்ப்யூட்டர் லேப், மத்தியானம் சட்ட வகுப்பு. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் அப்பாவைச் சொந்தக்காரர்கள் விடவே மாட்டார்கள். "புள்ள கம்ப்யூட்டருக்குப் படிக்குதா, வக்கீலுக்குப் படிக்குதா? ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்க" என்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே, "ரெண்டும்தானுங்க" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

நான்காம் வருஷம் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் பண்ணையைப் பார்த்தே தலைப்பு எடுத்தேன். கோழிக் கொட்டகையில் சூட்டையும் ஈரத்தையும் அளக்கிற கருவியை இப்போது மாட்டுகிறார்கள். அது சேர்த்து வைக்கிற தகவல் பண்ணைக்காரருக்குச் சொந்தமா, கருவியை விற்ற கம்பெனிக்குச் சொந்தமா? தை மாதம் முழுக்க இதே நினைப்பாகக் கிடந்து எழுதினேன்.

விடுதியில் என் அறையில் இருந்த பெண் எனக்கு ஒரு நாள் முன்னதாகத் தன் கட்டுரையைக் கொடுத்தாள். பெயர் வேண்டாம். இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது என்று கல்லூரி மென்பொருள் காட்டிக் கொடுத்தது. முன்னால் கொடுத்தவள் அவள். பின்னால் கொடுத்தவள் நான். அப்படியானால் திருடி யார்?

வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு கூப்பிட்டது. "என்னோடதுதான் மேடம்" என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒரு நாள் என் பென்டிரைவை அவள் இரவல் வாங்கியது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. குழுவின் தலைவர் எங்கள் சட்டத்துறை மேடம். அச்சடித்த ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தார். மன்னிப்புக் கடிதம். திங்கட்கிழமை காலைக்குள் கையெழுத்துப் போட்டால் கட்டுரை மட்டும் ரத்து. எதிர்த்து நின்று நிரூபிக்க முடியாமல் போனால் படிப்பிலிருந்தே நீக்கச் சொல்லிப் பரிந்துரைப்பார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம். ஆனால் அந்தக் கடிதம் என் கோப்பில் சாகும்வரை கிடக்கும். நாளைக்குக் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு இன்னொருவருக்காக எந்த முகத்தோடு வாதாடுவேன்?

அன்று மாலை நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். இடம் போதவில்லை என்று, வேறெங்கும் நகல் வைக்காத என் பழைய வரைவுகளைப் பென்டிரைவிலிருந்து நானே அழித்திருந்தேன். அழித்ததை மீட்க முடியும். ஆனால் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலில்தான் கை வைக்க வேண்டும். மூலத்தைத் தொடாதே என்று லேபிலும் சொல்லிக் கொடுத்தார்கள், சாட்சியச் சட்ட வகுப்பிலும் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு இடத்திலும் முதல் மதிப்பெண் வாங்கிய மகராசி நான், பதற்றத்தில் மீட்பு மென்பொருளை அதே பென்டிரைவில் ஏற்றி ஓடவிட்டேன். மிச்சம் இருந்ததன் மேலேயே அது எழுதப்பட்டு, எல்லாம் அழிந்தது.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. தை மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது முதல் வரைவை அச்சடித்து, பச்சைப் பேனாவால் திருத்தியிருந்தேன். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, நான் கிறுக்கி வெச்சிருந்த பேப்பர் கட்டு எங்க?"

"எனக்கு... எனக்குத் தெரியாது சாமி" என்று இழுத்தார்.

அவர் ஏன் தயங்கினார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. எரிந்து விழுந்து போனை வைத்தேன்.

சனிக்கிழமை சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். பையில் அந்தப் படிவம். கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று மட்டும் வீட்டில் சொன்னேன். சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டு, "நாளைக்கு ஆத்தாகிட்ட பூ கேட்டுப் பாக்கலாம் கண்ணு" என்றார் அம்மா. வேறு நாளாக இருந்தால் நான் கிண்டல் செய்திருப்பேன். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஞாயிறு காலை கோயிலில் நாங்கள் இரண்டு பேரும் பூசாரியும்தான். அம்மன் சிலையின் வலத் தோளிலும் இடத் தோளிலும் ஈரம் தொட்டு ஒவ்வொரு பூ வைத்தார் பூசாரி. வலப்பூ விழுந்தால் உத்தரவு. இடப்பூ விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். நம் ஆட்கள் கல்யாணம், கிணறு எதுவானாலும் இப்படிக் கேட்டுவிட்டுத்தானே செய்வோம்.

"வாய் விட்டுக் கேளு சாமி" என்றார் பூசாரி.

"ஆத்தா, நான் கையெழுத்துப் போட்டுரட்டுமா, இல்ல எதுத்து நிக்கட்டுமா?"

பூசாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் கண்ணு, வக்கீலுக்குத்தான படிக்கிற? ரெண்டு கேள்விய ஒண்ணாக் கேட்டா ஆத்தா எதுக்குன்னு பூக் குடுப்பா?"

வெட்கமாகப் போய்விட்டது. சாட்சியிடம் இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்கக் கூடாது என்பது எங்களுக்கு வகுப்பில் சொன்னதுதான். யோசித்து, ஒன்றாகக் கேட்டேன். "நான் எதுத்து நிக்கலாமா?"

பூ விழவில்லை. பத்து நிமிஷம் போனது. அரை மணி போனது. சூடம் எரிந்து அணைந்தது. இடப்பக்கத்துப் பூ லேசாகச் சரிந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. சரிந்த பூ அப்படியே நின்றது. என் வாழ்க்கையில் அப்படி நான் வேண்டியதில்லை. "ஆத்தா, எங்கிட்ட ஒரு ஆதாரமும் இல்ல. நான் புத்தி கெட்டவ. நீ போன்னு சொன்னா வெறுங்கையோட போறேன். வேண்டாம்னா கையெழுத்துப் போட்டுர்றேன். ஏதாச்சும் ஒண்ணு சொல்லு!" என்று அழுதேன். படித்த படிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சட்டென்று வலப்பூ விழுந்தது.

"குடுத்துட்டா! தைரியமாப் போ சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் பூசாரி. கையில் திருநீற்றுப் பொட்டலம் ஒன்றைத் திணித்தார். நான் அங்கேயே பிரித்தேன். நெற்றியில் இட்டுக்கொள்ளக் குனிந்தபோது திருநீற்றுக்கு அடியில் பச்சை மை தெரிந்தது.

என் கையெழுத்து!

திருநீற்றைச் சேலைத் தலைப்பில் கொட்டச் சொல்லி அம்மாவிடம் நீட்டினேன். என் முதல் வரைவின் நான்காம் பக்கம். கட்டுரையில் உதாரணத்துக்கு ஒரு கம்பெனி வேண்டும் என்று, அந்த நேரத்தில் வாயில் வந்த பெயரைப் போட்டிருந்தேன். மயிலா கம்பெனி. அதை அடித்துவிட்டு ஓரத்தில் பச்சை மையில், 'மயிலா எங்கள் மாட்டின் பெயர், மாற்று' என்று எழுதியிருந்தேன். அந்தத் தாளே எனக்கு மறந்து போயிருந்தது.

அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். "நாந்தான் கண்ணு கொண்டாந்து குடுத்தேன். ஒரு பக்கம் வெறுமையாக் கெடந்துச்சு, பொட்டலத்துக்கு ஆகுமேன்னு. நீ நெம்பக் கோவிச்சுக்குவியேன்னுதான் போன்ல சொல்லல. எல்லாம் செலவாயிருக்கும்னு நெனச்சேன்."

முதல் வருஷம் என் நோட்டுத் தாள்களை இப்படித்தான் கோயிலுக்குக் கொடுத்தார். "படிக்காதவங்க கையில கெடச்சா இப்படித்தான்" என்று அப்பா முன்னாலேயே கத்தியிருந்தேன். அன்றிலிருந்து என்னிடம் சொல்லாமல் கொடுத்து வந்திருக்கிறார். என் வாய்க்குப் பயந்து என்னைக் காப்பாற்றுகிற ஒரு வார்த்தையை அம்மா விழுங்கியிருந்தார். ஆத்தா முன்னால் அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பூசாரி உள்ளே போய், தாள் பறக்காமல் மேலே வைத்திருந்த கல்லை எடுத்துவிட்டு மிச்சத் தாள்களைக் கொண்டுவந்தார். ஏழு பக்கம்தான் தேறியது.

திங்கட்கிழமை குழுவின் முன்னால் எட்டுப் பக்கத்தையும் வைத்தேன். அம்மா வெளியே பெஞ்சில் இருந்தார். அடியில் அச்சாகியிருந்த தை மாதத் தேதியைக் காட்டினேன். குழுவில் இருந்த கம்ப்யூட்டர் துறை சார் தாளைத் தள்ளிவிட்டார். "தேதிய யார் வேணும்னாலும் மாத்தி இன்னிக்குக்கூட பிரிண்ட் எடுக்கலாம்மா. இது உனக்கே தெரியும்."

தெரியும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான் கொண்டுபோன படிவம் மேசை மேலேயே இருந்தது, பக்கத்தில் ஒரு பேனாவும் இருந்தது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த அந்த வலப்பூவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேடம் மட்டும் நான்காம் பக்கத்தைக் கீழே வைக்கவில்லை. என் அறைத்தோழியின் கட்டுரையை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அவளைப் பார்த்துக் கேட்டார்.

"மயிலா கம்பெனின்னு எழுதியிருக்கியே, அது எங்கம்மா இருக்கு?"

"நாமக்கல்ல மேடம். கருவி விக்கிற கம்பெனி."

"போய்ப் பார்த்தியா?"

"ஆமாம் மேடம்."

மேடம் என்னைப் பேசவிடவில்லை. அம்மாவை உள்ளே கூப்பிடச் சொன்னார். அம்மா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து நின்றார். என்ன நடக்கிறதென்றே அவருக்குத் தெரியாது.

"அம்மா, மயிலான்னா யாரு?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். "எங்க மாடுங்க. இப்பச் செனையா இருக்குதுங்க" என்றார்.

கம்ப்யூட்டர் துறை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். என் அறைத்தோழி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பென்டிரைவிலிருந்து எடுத்ததை அவளே சொல்லிவிட்டாள். மயிலா என்ற பெயர் என் முதல் வரைவில் மட்டும்தான் இருந்தது, நான் கொடுத்த கட்டுரையில் இல்லை என்பதை மேடம் எழுதிக்கொண்டார். அவள் கட்டுரை ரத்தானது. அவளைப் படிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எதிர்த்தரப்பு அப்படித்தான் வாதாடும், நானே அந்த வாதத்தை நன்றாக எழுதுவேன். ஆனால் ஆத்தா முதலில் கொடுத்தது பூ. வெறுங்கையோடு போகிறேன் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் பொட்டலம் என் கைக்கு வந்தது. அந்த வரிசையை என்னால் மறக்க முடியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையோடு திரும்ப எடுத்து வந்திருந்த அந்த மன்னிப்புப் படிவத்தைப் பையிலிருந்து எடுத்தேன். 'பெறுநர்' என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன். படிக்காதவங்க என்று சொன்னதையும், போனில் எரிந்து விழுந்ததையும் ஒவ்வொன்றாக எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். அம்மா எழுத்துக் கூட்டி முழுசும் படித்தார். "கிறுக்கி" என்று தலையில் குட்டினார். அதற்குள் புதுச்சத்திரம் வந்துவிட்டது.

உங்களில் யாருக்காவது வழியே இல்லை என்று தோன்றினால் நம் ஆத்தாவிடம் வாருங்கள். ஒரே கேள்வியாகக் கேளுங்கள், பொறுத்து நில்லுங்கள். கொடுக்கிற பொட்டலத்தைப் பத்திரமாகப் பிரியுங்கள். நான் கையெழுத்துப் போட்ட மன்னிப்புக் கடிதத்தில்தான் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இப்போது திருநீறு மடித்து வைத்திருக்கிறார் அம்மா. தினமும் அதிலிருந்து எடுத்துத்தான் எனக்கு இட்டு விடுகிறார்.