அப்பா வச்ச கேட்டு

பிள்ளைகளே, நம் வெல்டிங் பட்டறைக்கு வருகிறவர்கள் இரும்பு நல்லதா, கம்பி தடிமன் என்ன என்றெல்லாம் முதலில் கேட்பதில்லை. முன்னால் செய்த வாசல் கேட்டு போட்டோ இருந்தால் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். நானும் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுப்பேன். அதற்குப் பிறகு நடப்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ரேஷன் கார்டு வரும். சின்னவள் பல் விழுந்த வாயோடு சிரிப்பது வரும். யாரோ அனுப்பிய காலை வணக்கத்து ரோஜாப்பூ வரும். கேட்டு மட்டும் வராது.

செய்த வேலையில் பாதியை நான் ஃபேஸ்புக்கில் போட்டிருந்தேன். பெரியவள் சிலதை இன்ஸ்டாவில் போட்டிருந்தாள். கேட்டு மாட்டுகிற வீடியோக்கள் யூடியூப்பில் கிடந்தன. எந்தக் கேட்டு எந்த ஊரில் எந்தத் தெருவில் நிற்கிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவேன். போனுக்குள் எங்கே நிற்கிறது என்றால்தான் தெரியாது. வந்தவர்கள் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிப் போய்விடுவார்கள். போனவர்கள் கடையில் ரெடிமேடாகவே வாங்கி மாட்டிக்கொள்வார்கள்.

இப்படியே வேலை குறைந்துகொண்டு வந்தது. ஓசூரில் ஒரு பெரிய ஷெட்டில் வெல்டராக வரச்சொல்லித் தெரிந்த மேஸ்திரி ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காரிமங்கலத்துக்கு வரமுடியும். மற்ற நாளெல்லாம் அங்கே ஓர் அறையில் நாலு ஆம்பளைகளோடு சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும். காலையில் ஒரு சாக்ஸைக் காணோம் என்று நீங்கள் இரண்டு பேரும் வீட்டையே தலைகீழாக்குவது என் காதில் விழாது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாசம் முடிவதற்குள் பதில் சொல்லுவதாக மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் புளி மண்டி வைத்திருக்கிற பாய் வந்தார். தர்மபுரி போகிற ரோட்டில் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். வாசலுக்குப் பெரிய கேட்டு, ஜன்னலுக்கெல்லாம் கிரில், மாடிப்படிக்குக் கைப்பிடி என்று மாசக்கணக்கில் வேலை இருந்தது. அது கிடைத்துவிட்டால் ஓசூர்ப் பேச்சே வேண்டாம். அவரும் போட்டோதான் கேட்டார். நானும் தேடினேன். ரேஷன் கார்டுதான் வந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துவிட்டு மறுபடி வருவதாகவும், அதற்குள் எல்லாக் கேட்டையும் ஒரே இடத்தில் பார்க்கும்படி வைக்கச் சொல்லியும் போய்விட்டார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பெரியவளிடம் சொன்னேன். இதற்கு ஒரு ஹேஷ்டேக் போதும் என்று சாக்பீஸை எடுத்து இரும்புத் தகட்டின் மேல் அந்தக் குறியைப் போட்டுக் காட்டினாள்.

நான் உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஜன்னல் கிரில்லு சாமி. நெடுக்க ரெண்டு, குறுக்க ரெண்டு. கொஞ்சம் சாஞ்சிருக்குது. வெல்டிங் வச்ச ஆளு சரியில்ல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பாடம் எடுக்கும்போது அவள் சிரிப்பதில்லை. சந்தையில் ஆட்டுக்குச் சாயம் வைக்கிறோம் இல்லையா, எத்தனை ஆட்டோடு கலந்தாலும் நம் ஆடு தெரியுமே, அதுபோலத்தான் இது என்று என் எட்டாம் வகுப்புப் படிப்புக்கு எட்டும்படி விளக்கினாள். எந்த ஆப்பில் போட்டாலும் கீழே அதே குறியும் அதே வார்த்தையும் போடவேண்டும். பிறகு அந்த வார்த்தையைத் தட்டினால் அந்தந்த ஆப்பில் இருப்பதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

முதலில் வெறும் கேட்டு என்று தட்டிப் பார்த்தோம். உலகத்தில் இருக்கிற கேட்டெல்லாம் வந்தது. பொதுவான வார்த்தை ஆகாது, நமக்கே நமக்கென்று ஒன்று வேண்டும் என்றாள். ரொம்ப நேரம் யோசித்து 'அப்பா வச்ச கேட்டு' என்று வைத்தாள். நான் அடித்துப் பார்த்தபோது அப்பா மட்டும் நீலமாக மாறினார், கேட்டு வெளியே நின்றுவிட்டது. இடைவெளி விடக்கூடாதாம். மூன்றையும் ஒட்டி அடித்தபிறகுதான் முழுசாக நீலமானது. தேடிப் பார்த்துவிட்டு, இந்த வார்த்தையை இதுவரைக்கும் ஒருத்தரும் வைக்கவில்லை என்றாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

பழைய போட்டோ ஒவ்வொன்றுக்கும் போய் அந்த வார்த்தையைச் சேர்த்தோம். வியாழக்கிழமை சாயங்காலம் தட்டினால் மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பெயிண்ட் வாசம் அடிக்கிற மாதிரி கேட்டு மேல் கேட்டாக வந்தது. உங்கள் அம்மா பார்த்துவிட்டுப் பூரித்துப்போய், சொந்தக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வார்த்தையைப் போட்டு, எல்லாரும் போய்ப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

நம் சொந்தக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியும். யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் வழியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டாவது வாங்கிக்கொண்டுதான் படி ஏறுவார்கள். அன்றைக்கும் போய்ப் பார்த்தார்கள். சும்மா பார்த்துவிட்டுத் திரும்பினால் நன்றாக இருக்குமா என்று ஆளுக்கொன்றைத் தங்கள் பக்கத்தில் போட்டு, நம் வார்த்தையைக் கீழே சேர்த்துவிட்டார்கள். புதிதாகப் போட்டதுதான் மேலே வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை பாய் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் வார்த்தையைத் தட்டிப் போனைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். முதலில் வந்தது கண்ணீர் அஞ்சலி. உங்கள் அம்மா வழியில் ஒரு பெரியப்பா.

பாய் மெதுவாகக் கேட்டார். "இவரு கேட்டு செய்வாருங்களா?"

"இல்லீங்க. அவரு தவறிட்டாருங்க."

அடுத்து உங்கள் சித்தி வீட்டுத் தக்காளி, கூடை கூடையாக. பிறகு தீர்த்தமலைப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிற ஒரு குடும்பம். பிறகு காதுகுத்துக்கு அழுகிற குழந்தை. பாய் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்து, தக்காளி நல்ல தரம் என்றும் குழந்தைக்கு அம்மா ஜாடை என்றும் சொல்லிக்கொண்டே போனார். ஓசூர் அறையில் எந்த மூலையில் படுக்கப்போகிறேன் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்து ஒரு வீடியோ. கம்பைநல்லூரில் இருக்கிற உங்கள் மாமா ஒரு ஆட்டை வீட்டுக் கேட்டில் கட்டி வைத்து, விற்பனைக்கு என்று அதன் பல்லையும் எடையையும் புகழ்ந்துகொண்டிருந்தார். பின்னால் அவருடைய பையன்கள் இரண்டு பேரும் அதே கேட்டின் அடிக்கம்பியில் ஏறி நின்று, முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆடு ஒரு பக்கம் இழுத்தது. பாய் அதை முடிய விட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். ஆடு வாங்குகிற யோசனை போல என்று நினைத்தேன்.

"இந்தக் கேட்டு யாரு வச்சது?"

"நான்தானுங்க. மச்சான் வூட்டுக் கேட்டு."

"எப்ப?"

"ஆடறான் பாருங்க பெரிய பையன், அவன் பொறக்கறதுக்கு முன்னாடிங்க."

கீலை எப்போதாவது மாற்றினீர்களா, மறுபடி வெல்டிங் வைத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தக் கேட்டு வைத்த காலத்தில் என் போனில் கேமராவே கிடையாது. அதனால் நான் போட்ட படங்களில் அது இல்லை. நான் போட்டதெல்லாம் மாலை போட்ட அன்றைக்கே எடுத்த புதுக் கேட்டுகள்.

பாய் எழுந்தார். "புதுக் கேட்டு எல்லார் போன்லயும் நேராத்தான் நிக்குதுங்க. என் மண்டபத்துக்கு வர்ற புள்ளைங்க இப்படித்தான் ஏறி ஆடும்." அவ்வளவுதான் சொன்னார். வீடியோவில் இருந்த உங்கள் மாமாவின் நம்பரைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். வேலை உங்களுக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் பெரியவள் வந்து பார்த்துவிட்டுக் கண் கலங்கினாள். மற்றவர்கள் போட்டதை நாம் அழிக்க முடியாதாம். ஒவ்வொருவருக்கும் போன் செய்து எடுக்கச் சொன்னாள். உங்கள் சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் தக்காளி உங்கள் கேட்டுக்குள் வரக்கூடாதா என்று கேட்டாளாம். நான் மேஸ்திரிக்குச் சரி என்று சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுங்கள் என்றாள் உங்கள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாமா போன் செய்தார். "மாப்ள, ஒரு பாய் வந்தாருப்பா. ஆட்டப் பாக்க வந்தாருன்னு நெனச்சு வாயத் தொறந்து பல்லக் காட்டுனேன். அவரு என்னடான்னா கேட்டத் தொறந்து தொறந்து மூடறாரு. கீலத் தடவிப் பாக்கறாரு. கடைசில அவரே அடிக்கம்பில ஏறி நின்னுட்டாரு."

ஏறி நின்ற பிறகு ஆட்டையும் வாங்கிக்கொண்டு போனாராம். மறுநாள் காலையில் பட்டறைக்கு வந்து, வாசல் அளவு எடுக்க எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். உங்கள் மாமா இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்த மண்டபத்து வேலையைத் தான்தான் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லுகிறார். நானும் மறுத்துப் பேசுவதில்லை. பெரியவள் கேட்டுகளுக்கு மட்டும் வேறொரு வார்த்தை வைத்திருக்கிறாள். அதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஓசூர்ப் பேச்சு எழுந்ததிலிருந்து உங்கள் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிடும்போது கேட்காமலே குழம்பு ஊற்றினாள். ஊரைவிட்டுப் போகிறவனிடம் எதற்கு என்று நினைத்திருப்பாள். எனக்கு அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது. பாய் அளவு எடுக்கக் கூப்பிட்டுவிட்டுப் போன அன்றைக்கு, மேஸ்திரிக்குப் போன் செய்து இங்கேயே வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இரும்புத் தூள் ஒட்டிய காலோடு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"இது வூடா, பட்டறையா? காலக் கழுவிட்டு வந்தா என்னாங்க?" என்றாள்.

எழுந்து போய்க் கழுவிக்கொண்டு வந்தேன்.