மஞ்சளாக ஒளிர்ந்த பொடி

ஷமீமாவோடு ஆய்வகத்தில் வேலை செய்தவர்களுக்கு,

பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பி என்னை அழைத்து வந்தபோது காரணம் சொல்லவில்லை. தெருமுனையில் வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்த ஷமீமா லாத்தா இனி வரமாட்டாள் என்று அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவள் என் பெரியம்மா மகள். கூத்தாநல்லூரில் ஒரே வீட்டில் வளர்ந்ததால் எனக்குச் சொந்த அக்கா. அக்காவை நாங்கள் லாத்தா என்போம், அப்பாவை அத்தா.

தங்கத்தில் ஆராய்ச்சி என்று வீட்டில் அவளைக் கேலி செய்யாதவர் இல்லை. துபாயிலிருந்து வந்த மாமா, "எத்தனை பவுன் தேறும்மா?" என்பார். "மோதிரத்தைக் கழட்டிக் குடுங்க மாமா, கரைச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

போன பெருநாளுக்கு வந்தபோது அவள் பையில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. உள்ளே உப்புக்கல் போல வெள்ளைப் படிகங்கள். தங்கம் சேர்ந்த சேர்மம் என்றாள். நான்கு மாதம் காத்திருந்து வளர்த்தவை. பெருநாள் முடிந்ததும் மன்னார்குடியில் ரயிலேறி, சென்னையில் எக்ஸ்ரே கருவியில் வைத்து, உள்ளே தங்க அணுக்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளக்க வேண்டும். ஜன்னல் இல்லாத நெல்மூட்டை அறைக்கு என்னைக் கூட்டிப்போய்ப் புற ஊதா டார்ச்சை அடித்தாள். படிகங்கள் நீலமாக ஒளிர்ந்தன.

மறுநாள் அவள் குளிக்கப் போனபோது நான் குப்பியை எடுத்தேன். நுணுக்கினால் வெளிச்சம் இன்னும் பரவும் என்று நினைத்து, எல்லாவற்றையும் காகிதத்தில் கொட்டி ஸ்பூனின் முதுகால் நசுக்கினேன். டார்ச்சை அடித்தால் மஞ்சள்! பயத்தில் கத்திவிட்டேன்.

ஈரத்தலையோடு ஓடிவந்தவள், காகிதத்தைப் பார்த்துவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணிய எங்கடி ஒளிச்சு வெச்சிருக்க?" என்றாள்.

"எங்கிட்ட இல்ல லாத்தா."

"பொய் சொல்லாத. அத்தாவுக்குத்தான் தெரியாது."

பொடியின் பாதிமேல் ஒரு சொட்டு விட்டாள். காய்ந்ததும் அந்தப் பாதி மறுபடி நீலமானது.

"காலி பஸ்ல ஆளுக்கொரு சீட்டுல உக்காந்திருப்பாங்கல்ல, அப்ப நீலம். நீ நசுக்கினதுல தங்கம் பக்கத்துத் தங்கத்தோட நெருக்கி உக்காந்துடுச்சு. நெருக்கம் கூடினா வெளிச்சம் மஞ்சளாயிடும். ஒரு சொட்டு விட்டா எழுந்து பழைய சீட்டுக்குப் போயிடும்."

"அப்ப சரியாப் போச்சா?"

"நிறம் சரியாப் போச்சு. கல்லு போச்சேடி. அளக்க முழுக் கல்லு வேணும்."

அங்கேயே உட்கார்ந்து உங்கள் பேராசிரியருக்குப் போன் செய்தாள். "என் கை தவறிடுச்சு சார். என் கவனக்குறைவுதான்." அவர் திட்டியது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு, "உன் பேரைச் சொன்னா அத்தாவுக்கும் தெரிஞ்சுபோகும். பதினொண்ணாவதுல சயின்ஸ் எடுக்கணுமா வேணாமா? வாயை மூடிக்கிட்டு இரு" என்றாள். இருந்தேன்.

துக்கம் விசாரிக்க வந்த உங்களில் ஒருவர் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்தப் படிகத்த மட்டும் பத்திரமா வெச்சிருந்தா, அவ கட்டுரை அவ இருக்கும்போதே வந்திருக்கும்மா." நான் டீத்தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

நினைவுக் கூட்டத்தில் வாசிக்க வீட்டார் நாலு வரி எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அத்தா எழுதியது தனியாக வரும். இது அவருக்குத் தெரியாது. அவர் கூடத்தில் தூங்குகிறார். புரண்டு படுக்கும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்துவிடுவேன்.

அந்தப் பொடியைப் பொட்டலமாக மடித்து இதோடு வைத்திருக்கிறேன். அது உங்களுடையது. வழியில் உரசி முழுவதும் மஞ்சளாகிவிட்டால் ஒரு சொட்டு விடுங்கள். அவளுடைய டார்ச் என்னிடம் இருக்கட்டும். அன்று மூட்டைமேல் அவள் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தையும் நானே வைத்துக்கொள்கிறேன்.

கவனக்குறைவு அவளுடையது அல்ல, என்னுடையது. கூட்டத்தில் அத்தா முன்வரிசையில் இருப்பார். இருந்தாலும் இதை வாசியுங்கள், என் பெயரோடு.

ருக்கையா
பத்தாம் வகுப்பு