வலையில் சிக்கிய கதிர்க்குருவி

ஆறாம் வகுப்பு படித்தபோது நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பறவைகளின் காலில் வளையம் மாட்டுவதைக் காட்டப் பள்ளியில் எங்களை நகரத்து ஏரி ஒன்றுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவரும் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிவர வேண்டுமாம். அம்மா வருவாள் என்று நம்பியிருந்தேன். ஜலகண்டாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து அப்பா வந்து நின்றார்.

விசைத்தறி ஓட்டுகிறவர். பட்டறையிலிருந்து நேராக வந்ததால் தலையிலும் சட்டையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. என் தோழிகளின் அப்பாக்களோ கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் பத்தடி தள்ளியே நடந்தேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கரையோர மரங்களுக்கு நடுவே, கிட்டப் போனால்தான் தெரிகிற மெல்லிய வலை கட்டியிருந்தது. அங்கே பறவை ஆய்வு செய்யும் ஓர் அக்கா, வலையில் விழுந்த பறவையைத் துணிப்பையில் எடுத்துவந்து, எடை பார்த்து, இறக்கையை அளந்து, எண் பொறித்த சின்ன அலுமினிய வளையத்தைக் காலில் பூட்டிப் பறக்கவிட்டார். எந்த ஊரில் மறுபடி அகப்பட்டாலும் அந்த எண் அதன் கதையைச் சொல்லிவிடும் என்றார்.

மூன்றாவதாக விழுந்தது ஒரு கதிர்க்குருவி. இமயமலைக்கு அப்பாலிருந்து குளிர்காலத்துக்கு நம் பக்கம் வருவது. பயத்தில் புரண்டு புரண்டு வலையைத் தன்மேல் சுற்றிக்கொண்டுவிட்டது. கழுத்தில் நூல் இறகுக்குள் புதைந்து இறுகியிருந்தது. அக்கா கத்தரிக்கோலை எடுத்தார். அதன் முனை நூலுக்கும் கழுத்துக்கும் இடையே நுழையவில்லை. குருவி வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, நான் ஒருக்கா பாக்கட்டுங்களா?"

அப்பாதான். எனக்கு முகம் எரிந்தது.

அக்கா திரும்பிப் பார்த்தார். "பறவையைக் கையாண்ட பழக்கம் இருக்குங்களா?"

"இல்லீங்க. நூலு பழக்கமுங்க. குருவிய நீங்க புடிச்சுக்குங்க, இழைய நான் பாத்துக்கறேன்."

அக்கா ஒரு நொடி யோசித்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். அப்பா கழுத்துப் பக்கமே போகவில்லை. காலைப் பார்த்தார். "கடைசியா மாட்டுன இழை இங்க இருக்குதுங்க. இங்கிருந்துதான் வரோணும்." நகத்தால் ஒரு வலைக்கண்ணியைத் தூக்கிக் குருவியின் கால்விரலிலிருந்து நழுவவிட்டார். பிறகு இறக்கையில் ஒன்று. அதன் அடியில் இன்னொன்று. கழுத்து நூல் தானாகத் தளர்ந்தது. அதைக் குருவியின் தலை வழியாகச் சட்டை கழற்றுவதுபோல உருவி எடுத்தார்.

சற்று நேரம் துணிப்பைக்குள் இருட்டில் வைத்த பிறகு குருவி தெளிந்தது. வளையம் பூட்டிய அக்கா, "நீங்களே விடுங்கண்ணா" என்று நீட்டினார்.

அப்பா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "வேண்டாமுங்க. பாப்பா உடட்டும்."

என் உள்ளங்கையில் அது இருந்தது ஒரு நொடிதான். அதற்குள் நாணல்மேல் போய்விட்டது. தோழிகள் சூழ்ந்துகொண்டார்கள். "எங்கப்பா" என்று கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

திரும்பும்போது ஒட்டி நடந்தேன். அவர் கையைப் பிடித்தபோது விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"குளுருதுங்களாப்பா?"

"ஆமா சாமி."

அப்போது வெயில் ஏறி, எதிரே வந்த பெண்கள் குடை பிடித்திருந்தார்கள். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. பஸ் வரும்வரை அவர் விரல்களை என் இரண்டு கைகளுக்குள் வைத்துச் சூடேறத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.