அரபி வீட்டுப் புல்

எங்கள் ஊரில் வாசலில் புல் முளைத்தால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். அமீரகத்தின் அல் ஐன் நகரத்திலோ அதற்குத் தண்ணீர் விட்டு வளர்க்கிறார்கள். தொண்ணூறுகளில் கல்யாணமாகி நான் அங்கே போனபோது, நாங்கள் வாடகைக்கு இருந்த சின்ன வில்லாவின் முன்னால் அப்படி ஒரு புல்தரை இருந்தது. தினமும் தண்ணீர் விடுவது என் வேலை. ஆடு மாடு இல்லாத வீட்டுக்கு இது எதற்கென்று கேட்டால் என் கணவருக்கும் தெரியாது.

இரண்டாவது வருஷம், வெயில் இறங்கத் தொடங்கிய அக்டோபரில், வீட்டு ஒப்பந்தம் முடிய இருந்தது. வீட்டுக்காரரான அரபிக் கிழவர் நீட்டிப்பாரா மாட்டாரா என்று வாயைத் திறக்கவில்லை. வீடு இல்லாவிட்டால் ஃபேமிலி விசா இல்லை. கணவர் கம்பெனி கேம்ப்புக்கு, நான் ஊருக்கு.

"எதுக்கும் இருக்கட்டும், சாமானக் கொஞ்சம் கட்டி வை" என்றார் அவர். போர்வைகளையும் பாத்திரங்களையும் ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினேன். அழுகையாக வந்தது. எரிச்சலும்தான்.

அந்த நேரத்தில்தான் கிழவர் பக்கத்து நாடான ஓமானின் சலாலாவில் மழைக்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பியிருந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லை மிதித்துப் பார்த்தார். மெத்தைபோல் அமுங்கியது. எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது. அவர் முகம் சுளித்தார்.

"மாஃபி ஜைன். சப் சாஃப் கரோ!" நன்றாக இல்லை, எல்லாவற்றையும் சுத்தம் செய் என்கிறார். இரும்புப் பற்கள் வைத்த நீளக் கம்பு ஒன்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

எதைச் சுத்தம் செய்வது? குனிந்து விலக்கிப் பார்த்தோம். மேலே பச்சை. அடியில் காய்ந்த தண்டுகள் பின்னிக் கிடந்தன.

"பச்சையத் தொடாத. அடியில கெடக்குற சருக மட்டும் எடு" என்றார் கணவர்.

"தோசையத் திருப்பாம அடிய மட்டும் சுரண்டச் சொல்றீங்களா?"

"புல்லுக்கு ஏதாவது ஆச்சுன்னா வீடு போச்சு, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். பெரிய உதவி!

கம்பைப் போட்டு இழுத்தேன். மெதுவாக இழுத்தால் ஒன்றும் வரவில்லை. அழுத்தி இழுத்தால் சருகோடு பச்சையும் வந்தது. காய்ந்த தண்டு ஒன்றைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஈரமிருந்தது. இது செத்ததா, உயிரோடிருப்பதா? எல்லாவற்றையும் என்றுதானே கிழவர் சொன்னார் என்று ஒரு வேகத்தில் இழுத்துத் தள்ளினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த விளக்குமாற்றால் மண் தெரியப் பெருக்கியும் விட்டேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு பக்கம் புல்தரை, மறுபக்கம் பொட்டல்.

சாயங்காலம் கணவர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "அடிப்பாவி, மொட்டையடிச்சு வச்சிருக்க!"

மறுநாள் வெள்ளி. விடிந்ததும் இருவரும் குவியலில் பச்சையாக இருந்ததைப் பொறுக்கி, விரலால் குழி தோண்டித் திரும்ப நட ஆரம்பித்தோம். எது அடி, எது நுனி என்றுகூட எனக்குப் புரியவில்லை. நான்கு வரிசை நடுவதற்குள் கேட் திறந்தது.

கிழவர் பொட்டலைக் காட்டி "ஜைன்" என்று தலையாட்டினார். புல்லிருந்த பக்கத்தைக் காட்டி, இதை ஏன் விட்டாய் என்று இந்தியில் கேட்டார். பிறகு நாங்கள் நட்டதில் ஒன்றைப் பிடுங்கி எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். "யே க்யா ஹை?"

இது என்ன என்று கேட்கிறார். அவர் காரிலிருந்து ஒரு விதை மூட்டையை இறக்கினார். குளிர்காலத்துக்கு வேறு புல்லாம். பழையது மண்ணுக்குள் தூங்கி, வெயில் காலத்தில் தானே எழுந்துவிடுமாம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

கணவர் கை மண்ணைத் தட்டிக்கொண்டு, "அர்பாப், காண்ட்ராக்ட்?" என்றார். அர்பாப் என்றால் முதலாளி.

கிழவர் எங்களை விசித்திரமாகப் பார்த்தார். "தும் ஜாயேகா தோ பானி கோன் தேகா?"

நீ போய்விட்டால் தண்ணீர் யார் விடுவது? அவர் எங்களுக்காக வீட்டைக் கொடுத்தாரா, புல்லுக்காகக் கொடுத்தாரா என்பது இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். அப்போது யோசிக்க நேரமில்லை. மீதிப் பாதியையும் இருவருமாக இழுத்துப் போட்டோம். அள்ள அள்ளச் சருகு வந்துகொண்டே இருந்தது. இருந்த சாக்கெல்லாம் நிரம்பிவிட்டது. நான் உள்ளே போய் அட்டைப்பெட்டியின் கயிற்றை அறுத்து, பாத்திரங்களைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, காலிப் பெட்டியைப் புல் அள்ளக் கொண்டுவந்தேன்.