அக்காவின் கருவிக்குக் கேட்ட பாட்டு

என் அக்காவுக்குச் சத்தம் ஆகாது. மாமா முணுமுணுவென்று பாட ஆரம்பித்தால், "அடுப்புல பால் இருக்கு, போய்ப் பாருங்க" என்று விரட்டுவாள். பால் இல்லாத நாளிலும் விரட்டுவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, லேசர் ஒளியின் அதிர்வெண் எவ்வளவு தடுமாறுகிறது என்று அளப்பது. அந்த லேசரைச் செய்கிறவரோ மாமா. பக்கத்துப் பக்கத்து அறை. தேறியதைப் பெட்டியில் கட்டி அனுப்புகிறவன் நான்.

அன்று மாமாவின் புது லேசருக்குக் கடைசிப் பரிசோதனை. தேறாவிட்டால் அதைக் கைவிட்டு வெளியே வாங்கிக்கொள்வோம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். மாமாவுக்கு அது பெறாத பிள்ளை.

அக்கா ஒளியை இரண்டாகப் பிரிப்பாள். ஒரு பாதி, கிலோமீட்டர் கணக்கில் சுற்றிவைத்த கண்ணாடி இழைக்குள் போய்த் தாமதமாக வரும். அதை மறுபாதியோடு சேர்த்தால், இடையில் லேசர் தடுமாறியதெல்லாம் திரையில் தெரிந்துவிடும்.

கோடு ஒழுங்காகத்தான் இறங்கியது. நடுவில் மட்டும் ஒரு முள் நட்டுக்குத்தலாக நின்றது; அங்கே தடுமாற்றம் என்று அர்த்தம்.

"புருஷன்னுகூட பாக்காம கவுத்துட்டியே!" என்றார் மாமா.

"நான் என்ன பண்ணேன்? உங்க லேசர் லட்சணம் அப்படி."

மாமா விருட்டென்று வெளியே போனார். முள்ளும் போனது.

அக்கா திரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு இழைச் சுருள் இருந்த பெட்டியைப் பார்த்தாள். சத்தம் புகாதபடி நுரை ஒட்டிய அதன் மூடி அரைகுறையாகத் திறந்து கிடந்தது. காலையில் அவள் கருவி சரியாக அளக்குமா என்று சந்தேகப்பட்டு மாமாதான் திறந்து பார்த்தார். திறந்ததை மூடுகிற பழக்கம் அவருக்கு வீட்டிலும் கிடையாது.

"லேசர் இல்ல சார், இவர்தான்," என்றாள், பரிசோதனையைப் பார்க்க வந்து நின்ற மேனேஜரிடம். "பயம் வந்தா பாடுவார். அவருக்கே தெரியாது. அந்தச் சத்தத்துல இழை ஆடியிருக்கு."

"புருஷனுக்காகச் சொல்றீங்களோ?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. மாமாவை இழுத்துவந்து பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"பாடுங்க."

மாமா திருதிருவென்று முழித்தார். "நானா?"

"பாடுங்கன்னு சொல்றேன்ல!"

பாடினார். குரல் ஏற ஏற முள் வலப்பக்கம் ஓடியது. இறங்கினால் திரும்பி வந்தது. அக்கா மூடியை அழுத்தி மூடினாள். மாமா பாடிக்கொண்டேதான் இருந்தார், முள்ளைக் காணோம். மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் லேசரைப் பெட்டியில் வைத்து ஒட்ட ஆரம்பித்தேன். மாமா இன்னும் பாடிக்கொண்டிருந்தார், சுருதி எங்கேயோ, அவர் எங்கேயோ. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போதும் என்று சொல்லவே இல்லை.