போரிக் பவுடருக்கு ஒரு மார்க்

விடைத்தாள் திருத்துவது பாதி வேலைதான்; திருத்தியதைத் திருப்பிக் கொடுக்கும் நாளில்தான் மீதி உயிர் போகும். சிவப்புப் பேனா பிடித்த அத்தனை பேருக்கும் இது தெரியும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். ஆனால் பேரத்துக்குப் பயந்தவள் இல்லை. வண்ணாரப்பேட்டை பிளாட்பாரத்தில் நைட்டி விற்றுக்கொண்டே டிகிரி முடித்தவள். இப்போது திருவொற்றியூரில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன்.

இந்தக் காலாண்டுப் பரீட்சையில் ஒரு சிக்கல். அறிவியலில் ஃபெயில் ஆனால் மாவட்டக் கேரம் போட்டி கிடையாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். எங்கள் பள்ளியில் கேரம் என்றால் ஸ்டெல்லா. பாஸாக முப்பத்தைந்து வேண்டும். அவள் எடுத்திருந்தது முப்பத்து நான்கு.

சட்டை சொன்ன சாட்சி

'காற்று மாசுபட்டிருப்பதை எப்படி அறியலாம்?' எண்ணூரிலிருந்து வரும் தினேஷ் ஒரே வரி எழுதியிருந்தான்: 'துணி காயப்போட்டால் தெரியும்.' அரை மார்க் போட்டிருந்தேன். பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"புகை, தூசுன்னு எதையாவது எழுதினியாடா?" என்று கத்தினேன். அவன் கரி படிந்த தன் சட்டைக் காலரைத் திருப்பிக் காட்டினான்.

"இது வெள்ளச் சட்ட மிஸ். நேத்து தோச்சி மாடில போட்டது. இதுக்கு மேல இன்னா எழுத சொல்றீங்கோ?"

கிரீஸ் தடவிய போர்டு

தினேஷுக்கு இன்னொரு அரை ஏற்றியதைப் பார்த்துவிட்டு ஸ்டெல்லா எழுந்து வந்தாள். உராய்வைக் குறைக்க ஒரு வழி கேட்டதற்கு அவள் எழுதியது, காய் வழுக்கி ஓட கேரம் போர்டில் தூவும் 'போரிக் பவுடர்'. எனக்குக் கொடுத்த விடைக்குறிப்பில் எண்ணெயும் கிரீஸும்தான். தப்பு போட்டிருந்தேன்.

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் முதல் வார்த்தைக்கே இறங்கினால் வகுப்பே தலையில் ஏறி உட்காரும். "குறிப்புல இல்ல, போ" என்றேன். வேறு பிள்ளையாக இருந்தால் அழுதிருக்கும். இவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கிரீஸ் தடவுன போர்டுல நீங்க ஒரே ஒரு காயி போட்டுக் காட்டுங்க மிஸ், நான் போட்டிக்கே போவல."

பின் பெஞ்சு

முப்பத்தைந்து என்று திருத்திக் கையெழுத்தும் போட்டேன். மை காயவில்லை, யூசுப் வந்து நின்றான். ஸ்டெல்லாவுக்கு நேர் பின்னால் உட்காருகிறவன். அதே கேள்விக்கு அவன் எழுதியது 'மூஞ்சி பவுடர்'.

"அவளப் பாத்து எழுதிட்டு ஒரு வார்த்தைய மட்டும் மாத்துனியா?"

"பாத்து எழுதியிருந்தா போரிக்குன்னே எழுதியிருப்பேனே மிஸ்? எங்க தெருவுல அது தீந்துட்டா அக்கா பவுடர் டப்பாவத்தான் போர்டுல கவுப்போம்."

இவனையாவது ஜெயிக்கலாம் என்று ஸ்டெல்லாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். "நீயே சொல்லு, அதுல காய் ஓடுமா?" போட்டிக்குப் பேர் கொடுக்கக் கிளம்பியவள் வாசலில் நின்று, நடுவர் மாதிரி யோசித்தாள்.

"நல்லாவே ஓடும் மிஸ். இன்னா, போர்டு மணக்கும், அவ்ளோதான்."

பிளாட்பாரத்தில் என்னிடம் பேரம் பேசியவர்கள் எல்லாம் தோற்றுப்போனது என் சாமர்த்தியத்தால் இல்லை, அவர்களில் யாரும் கேரம் ஆடாததால்தான் என்று இப்போது தோன்றுகிறது.